மினி டிராக்டருக்கு எத்தனை அடி ரோட்டவேட்டர் சரி? முன்பணம் கட்டும் முன் அளக்க வேண்டியவை!

மினி டிராக்டர் வாங்கும் யோசனை வந்துவிட்டால், வீட்டில் ஒரு மாதத்துக்கு அதே பேச்சுதான். எந்த கம்பெனி, எத்தனை எச்.பி., தவணை எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும்... எல்லாம் பேசி முடித்து, நகையை அடகு வைத்து முன்பணமும் கட்டிய பிறகு ஷோரூமில் கேட்பார்கள்: ‘‘ரோட்டவேட்டர் எத்தனை அடியில போட்டுக்கலாம் சார்?’’ பக்கத்துத் தோட்டத்துக்காரர் எதை வைத்திருக்கிறாரோ, அதையே சொல்லிவிட்டு வருகிறவர்கள் நிறைய பேர்.

ஆனால், நிலத்தில் வேலை செய்யப்போவது பின்னால் மாட்டுகிற அந்தக் கருவிதான். அது பெரிதாகிவிட்டால் புது வண்டி முக்கும். சிறிதாகிவிட்டால் ஒருநாள் உழவு ஒன்றரை நாளுக்கு இழுக்கும். எப்படியானாலும் கரைவது நம் டீசல் காசு. அதனால் கருவியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற வண்டியைத் தேடுவதே நல்லது.

ஸ்டிக்கரில் இருப்பது இன்ஜின் எச்.பி.

வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எச்.பி. முழுவதும் ரோட்டவேட்டருக்கு வந்து சேராது. இன்ஜினிலிருந்து கியர்கள் வழியாகப் பின்பக்க பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு வருவதற்குள் ஒரு பகுதி குறைந்துவிடும். ஏறக்குறைய 85 சதவிகிதம் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 24 எச்.பி. வண்டியென்றால் ரோட்டவேட்டரைச் சுழற்றக் கிடைப்பது சுமார் 20 எச்.பி. எனவே விற்பனையாளரிடம், ‘‘பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு?’’ என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்பதிலும் தவறில்லை.

பொதுவாக 18 முதல் 20 எச்.பி. வண்டிக்கு 3 அடி, 24 முதல் 28 எச்.பி. வண்டிக்கு 4 அடி என்பது சந்தையில் புழங்கும் கணக்கு. 5 அடி வேண்டுமென்றால் 35 எச்.பி.யாவது தேவைப்படும். இது பதமான மண்ணுக்கான கணக்கு. காய்ந்து இறுகிய களிமண்ணிலும் கரிசலிலும் அதே 4 அடி கருவி வண்டியைத் திணறடிக்கும். கரும்புகை கக்குவதும், இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்குவதும் அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைவிட, கியரைக் குறைத்து ஆழத்தையும் குறைப்பது வண்டிக்கு நல்லது.

டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போங்கள்

அடுத்து அகலம். பின் டயர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். பல மினி டிராக்டர்களில் இது மூன்றரை அடியை ஒட்டி வரும். ரோட்டவேட்டர் இதைவிடக் குறுகலாக இருந்தால், டயர் அழுத்திய தடம் உழப்படாமல் பின்னால் கோடாகத் தெரியும். 4 அடி இழுக்க சக்தி போதாத வண்டியென்றால், கருவியை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரு பக்கத் தடமாவது அழியும். அடுத்த சாலில் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு இன்னும் முக்கியம். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பை எடுத்துக்கொள்வோம். உரமிடும் வட்டப்பாத்தி மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி. வேர்கள் அடர்ந்திருக்கும் அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டரை விடக்கூடாது. இரண்டு பக்கமும் 6 அடி போனால் நடுவில் மிஞ்சுவது 13 அடி. 4 அடி கருவியென்றால் மூன்று சாலில் ஏறக்குறைய முடிந்துவிடும். 3 அடி என்றால் நான்கு சால் ஓட்டியும் ஓர் அடி பாக்கி நிற்கும். வரிசைக்கு ஒரு சால் கூடுதல் என்றால் ஐந்து ஏக்கரில் எத்தனை லிட்டர் டீசல் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். வாழை, காய்கறி என்று ஊடுபயிர் இருந்தால் கதை மாறும். அங்கே குறுகலான கருவிதான் செடியைக் காப்பாற்றும்.

எடையைப் பலரும் கேட்பதில்லை. ‘750 கிலோ தூக்கும்’ என்று சொன்னால், எந்த இடத்தில் வைத்துத் தூக்கும் என்று கேட்க வேண்டும். கருவி மாட்டும் கைகளின் நுனியில் தூக்கும் எடைக்கும், அதிலிருந்து இரண்டடி பின்னால் வைத்துத் தூக்கும் எடைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கிணற்றில் வாளியை ஒட்டி இழுப்பதற்கும் கையை நீட்டி இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பின்பாரம் அதிகமானால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். வாய்க்கால் கரை ஏறும்போது இது நடந்தால் ஆபத்து. கருவியைத் தூக்கிய நிலையிலும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும்.

‘பெரிய டிராக்டர் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கலப்பையை இரவல் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற திட்டமும் சில வீடுகளில் இருக்கும். சின்ன வண்டிகளில் கீழ்க்கை பின் 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளில் 28 மில்லிமீட்டர். பின் சேராது, கைகளுக்கு நடுவே உள்ள அகலமும் சேராது. ஒன்பது கொத்துக் கலப்பையை மினி டிராக்டர் இழுக்கவும் செய்யாது. அதற்கு ஐந்து கொத்துதான்.

பிளேடைப் பொறுத்தவரை, களையும் தட்டையும் கிடக்கும் புன்செய்க்கு ‘எல்’ வடிவம். சேற்று உழவுக்கும் கெட்டியான களிமண்ணுக்கும் ‘சி’, ‘ஜெ’ வடிவங்கள் வருகின்றன. உங்கள் மண்ணைச் சொல்லிக் கேட்டாலே போதும்.

வருடக்கணக்கில் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டும் நிலத்தில், மேல்மண் மாவுபோல் இருக்க, கீழே மண் தட்டுப்போல இறுகிவிடும். மழைநீர் இறங்காது, வேரும் இறங்காது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக் கலப்பை போடச் சொல்வது இதற்காகத்தான். மினி டிராக்டரால் உளிக் கலப்பையை இழுக்க முடியாது. அதற்காகப் பெரிய வண்டி வாங்கவும் தேவையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியிலேயே வாடகைக்குப் பதிவு செய்யலாம். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கான கருவி எதுவானாலும் வாடகைதான் லாபம் என்பது என் கணக்கு.

பணம் பற்றி இரண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியல் பழையதா, புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண் மற்றும் பட்டியலின, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதமும், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். நிலம் அம்மா அல்லது மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அனுமதி கைக்கு வரும் முன்பே அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம்.

டெலிவரி அன்று பூஜை போட்டு மாலை சாத்தும் முன், பி.டி.ஓ. ஷாஃப்ட்டைப் பாருங்கள். அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய். நீளம் அதிகமாக இருந்தால், கருவியை ஏற்றி இறக்கும்போது முட்டி கியர்பாக்ஸை உடைக்கும். குறைவாக இருந்தால் ஓட்டத்தில் கழன்று விசிறும். எனவே உங்கள் வண்டியில் மாட்டி, முழுக்கத் தூக்கியும் இறக்கியும் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுழலும். நாலு முழ வேட்டி முழுவதையும் சுற்றிக்கொள்ள அதற்கு ஒரு நொடி போதும். புடவை முந்தானை, தோள்துண்டு, பின்னல் எதுவும் விதிவிலக்கில்லை. அதன்மேல் வரும் பிளாஸ்டிக் மூடியை, ‘கிரீஸ் அடிக்க இடைஞ்சல்’ என்று முதல் வாரத்திலேயே கழற்றி வீசுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மூடி சுழலாமல் நிற்க அதனுடன் ஒரு சின்னச் சங்கிலி வரும். அதை வண்டியில் எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று, ஓட்டப்போகிறவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் கேட்டு, அங்கேயே மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.