மறைமலைநகருக்குப் பத்து விசை

மறைமலைநகர் டிடிபி கடையில் ஊர்ப் பெயரை அடிக்கும் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பவர். அவருக்கு 15 தட்டு வேண்டும். 'ற' வர ஷிப்ட் தனி. இன்னொருவர் தமிழ்99 விசைப்பலகை பழகியவர். ம, ற, ஐ, ம, ல, ஐ, ந, க, ர, புள்ளி. பத்தோடு முடிந்தது.

இப்படி விசைகளை எண்ணுவதும் ஆராய்ச்சிதான். பல்கலைக்கழகக் கணினித் துறைகளில் மனிதர்–கணினி ஊடாட்டம் என்று படிக்கிறார்களே, அதன் பழைய அளவுகோல்களில் இது ஒன்று. கார்ட், மோரான், நியூவெல் என்ற மூவர் 1980-இல் கணினி வேலையை விநாடிகளாகப் பிரித்தார்கள். கை பழகியவருக்கு ஒரு விசைக்குச் சுமார் 0.2 விநாடி, அடுத்து என்ன என்று மனம் தயாராக 1.35 விநாடி. 'ந'வுக்கு எந்த ஆங்கில எழுத்து என்று ஒருமுறை தயங்கினால் ஆறு விசை அடிக்கும் நேரம் போச்சு.

1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99-இல் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு; வ, ங தவிர மெய்வரிசை முழுக்க வலக்கைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால், ஒரு கை அடிக்கும்போதே மற்றது அடுத்த விசைக்குப் போய்விடுகிறது.

எனக்குப் பிடித்தது புள்ளி வைக்கும் விதம். 'செங்கல்பட்டு' அடியுங்கள்: ச, எ, ங, க, ல, புள்ளி, ப, ட, ட, உ. மூன்று புள்ளிகளில் நாம் வைத்தது ஒன்றுதான். ங-வை அடுத்துக் க வந்தாலோ, ஒரே எழுத்து இரட்டித்தாலோ முன்னதற்குப் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். தொல்லை பப்பாளியில்தான், முதல் 'ப'வுக்குப் பின் ஓர் 'அ' தட்டாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே 'ப்ப' வந்து நிற்கும்.

இத்தனை இருந்தும் கைப்பேசியில் பலரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. அந்த விசைகள் ஏற்கெனவே விரலுக்குப் பழக்கம். ஒற்றைக் கட்டைவிரலால் அடிப்பவருக்கு இடம் வலம் பிரித்ததால் லாபமும் இல்லை. பாதி அடிக்கும்போதே முழுச் சொல்லையும் திரை நீட்டுவதால் விசைக் கணக்கே மாறிவிட்டது. அதைப் புதிதாகப் போட்டுப் பார்க்க, பக்கத்துக் காட்டாங்குளத்தூர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு ஸ்டாப்வாட்சும் செங்கல்பட்டு மின்சார ரயிலின் ஒரு பெட்டிப் பயணிகளும் போதும்.