பின்னால் வருவது தெரியவில்லை

ஜூன் 1. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் என்று வானிலைத் துறை குறித்து வைத்திருக்கும் தேதி. மழை சில நாள் முந்தலாம், பிந்தலாம். ஆனால் முதல் மழை விழுந்த மறுநாள் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒரே கவலைதான்: வண்டியின் ஹூட்டில் பின்பக்கம் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல். கோடையில் பழுப்பேறி, ஓரத்தில் தையல் விட்டு, நடுவில் கோடு விழுந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே வந்து சீட் நனைந்த பிறகுதான் அப்படி ஒரு பொருள் இருப்பதே நினைவுக்கு வருகிறது.

கூரையை மடக்கும் கார் என்றதும் வெள்ளித்திரையில் கதாநாயகன் ஓட்டும் வெளிநாட்டு வண்டிதான் கண்முன் வரும். நம் ஊரில் அந்தச் சாதியின் உண்மையான பிரதிநிதிகள் வேறு. படுதா போட்ட மஹிந்திரா ஜீப், 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி, 2010இல் அறிமுகமாகி 2020இல் புது உருவெடுத்த தார். இவற்றோடு, யாரும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காத ஆட்டோ ரிக்‌ஷா. சேர்த்தது சட்டம்தான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி, ஜன்னல்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கும் ஹூட்டும் பக்கத் திரைகளும் கொண்ட வண்டிகளுக்கும் மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போதும் என்று சலுகை தந்தது. பல லட்ச ரூபாய் தாரும் வாடகை ஆட்டோவும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நின்றன.

அதே விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும் என்றது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது நாடே அதைப் பேசியது. தானாகவே பழுத்துப் பழுப்பாகிப்போன பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் மேல் சாமி பெயரும் பிள்ளைகளின் பெயரும் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தால் எஞ்சும் ஒளி எவ்வளவு என்பதை அளக்கவே வேண்டாம்.

இந்த ஜன்னலின் ஆயுள் குறைவுதான். அதற்குக் காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். எண்ணெய் போன்ற ரசாயனங்களைக் கலந்து அதை ரப்பர்போல வளைய வைக்கலாம் என்று 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் கண்டுபிடித்தார். வளைவதற்கு உதவும் அந்தச் சரக்கு நிரந்தரமாக உள்ளே தங்காது. வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒட்டியிருக்கும் ரெக்ஸினுக்கும் ஸ்டிக்கர் பசைக்கும் இடம் மாறும். மிஞ்சுவது விறைப்பான, சுருங்கிய தகடு. புற ஊதாக் கதிர் அதைப் பழுப்பாக்குகிறது. திருவனந்தபுரத்துக்கு ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. போதாததற்குக் கடற்காற்றின் ஈரம். மடித்து வைத்த ஹூட்டுக்குள் பூஞ்சை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1989இல் வந்த மஸ்தா எம்.எக்ஸ்.-5 காரில் பின்ஜன்னல் பிளாஸ்டிக். அதைச் சுற்றி ஜிப். ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைத்துவிட்டுக் கூரையை மடக்கினால்தான் கோடு விழாது. போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களோ, பாதி மடங்கும்போது கூரையை நிறுத்தி, இறங்கிப் போய், ஜன்னலை உள்ளங்கையின் ஓரத்தால் தட்டி மடிப்பைச் சீராக்குவார்கள். இரண்டு கார்களும் பின்னர் கண்ணாடிக்கு மாறின. கண்ணாடி வந்ததும் வேறு தலைவலி: அதைத் துணியோடு பிடித்திருக்கும் பசை விட்டால், ஜன்னல் முழுதாகக் கழன்று தொங்கும்.

நனைந்த சீட்டாவது காய்ந்துவிடும். பின்னால் வரும் வண்டி தெரியாமல் போவதுதான் ஆபத்து. நகரிலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில், எதிரே பஸ் வந்து ஜீப்பைப் பின்னால் எடுக்க வேண்டிய நேரத்தில், பழுப்பேறிய ஜன்னல் இருந்தும் இல்லாததுதான். கிழக்கேகோட்டை நெரிசலில் மழை பெய்யும் மாலையில் திரும்பும் ஆட்டோவுக்கும் அதே கதி. பக்கக் கண்ணாடிகளில் நீர் வழிய, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்.

பலரும் முதலில் செய்வது தவறான வைத்தியம். உடனடிப் பசை வைத்தால் விரிசலைச் சுற்றி வெள்ளை பூத்து, அந்த இடம் இன்னும் விறைத்து, பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைக்கும். கேரளத்தில் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெய் அரை நாள் பளபளக்கும், பிறகு புழுதி அப்பும். மேலோட்டமான கீறலும் மங்கலும் பிளாஸ்டிக் பாலிஷுக்கு ஓரளவு மசியும். உள்ளுக்குள் ஏறிய பழுப்பு மசியாது. சிறு கிழிசலுக்கு, ஈரமில்லாமல் துடைத்து இரு பக்கமும் தெளிவான டேப் ஒட்டினால் சில வாரம் தாங்கும். தையல் மட்டும் விட்டிருந்தால் பழைய ஊசித் துளைகளிலேயே திரும்பத் தைக்கலாம்.

தகடே உடைந்திருந்தால் முழு ஹூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, ரெக்ஸின் நன்றாக இருக்கும்வரை. தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்து, கதைகளாகவும் எழுதிய சாலைத் தெரு போன்ற கடைவீதிகளில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி, குஷன் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். தடிமன் முக்கியம்: மேஜை விரிப்புக்கான மெல்லிய ஷீட் காற்றில் படபடத்துச் சீக்கிரம் கிழியும், முக்கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை நல்லது. பருத்தி நூல் மழையில் இற்றுவிடும், பாலியெஸ்டர் நூல் வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. துளைகள் நெருங்கினால் தபால்தலை கிழிவதுபோல் நேர்கோட்டில் கிழியும். விவரம் தெரிந்த தொழிலாளி பழைய ஜன்னலை முதலில் வெட்டி எடுக்க மாட்டார். அதன் மேலேயே புதிதை வைத்துத் தைத்து முடித்து, பிறகுதான் பழையதை உள்ளிருந்து கத்தரிப்பார். முதலில் வெட்டினால் ரெக்ஸின் இழுபட்டு, சதுரம் கோணலாகிவிடும்.

புது ஷீட்டை வெயிலில் சற்று நேரம் விரித்து, இளகிய பிறகு தைக்க வேண்டும். ஆறும்போது அது தானாக இறுகி, சுருக்கமில்லாமல் நிற்கும். குளிர்ந்த ஷீட்டைத் தைத்தால் அடுத்த வெயிலில் தொய்ந்து தொங்கும். ஜூனில் கடைக்கு ஓடுகிறவர்களின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது: வெயில் இல்லை, ரெக்ஸின் ஈரம், டேப்கூட ஒட்டாது. இந்த வேலைக்கான மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும்.

தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில், மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும்போது இன்னொரு வாய்ப்பு உண்டு. நாகர்கோவில் பக்கத்தைப் போலவே திருவனந்தபுரமும் இரண்டு பருவமழைகளிலும் நனையும் ஊர். அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும்.