கடிகாரம் யார் பக்கம்?

தவறு செய்பவர் ஒருவர்; நேரத்தை இழப்பவர் இன்னொருவர். பேக்கேமன் போட்டிகளில் கடிகாரம் நுழைந்தபோது கூடவே நுழைந்த சிக்கல் இது.

இரண்டு பகடைகளை உருட்டி, ஆளுக்கு 15 காய்களை 24 முக்கோணக் கட்டங்கள் வழியே நகர்த்தி வெளியேற்றும் ஆட்டம் பேக்கேமன். அவசரத்தில் 3 கட்டத்துக்குப் பதில் 4 கட்டம் காய் தாவிவிடுவது சகஜம். கடிகாரம் இல்லாத ஆட்டத்தில் பகடையைக் கையில் எடுத்ததும் ஒருவரின் முறை முடிகிறது. கடிகாரம் இருந்தால், பொத்தானை அழுத்தியதும். எதிராளி தன் பகடையை உருட்டுவதற்குள் ஆட்சேபிக்க வேண்டும். உருட்டிவிட்டால், தவறான நகர்த்தலே நிலைத்துவிடும்.

சிக்கல் இங்கேதான். பொத்தான் அழுத்தப்பட்ட கணத்திலிருந்து ஓடுவது தவறு செய்யாதவரின் கடிகாரம். காய் முதலில் எங்கே இருந்தது என்று வாதிடும் நேரமும் அவர் கணக்கில்தான் கரைகிறது. பொத்தானைத் திருப்பி அழுத்திவிட்டால்? அமெரிக்கப் போட்டிகளில் வழக்கமான ஏற்பாட்டின்படி ஒவ்வொரு முறையும் முதல் 12 விநாடிகள் இலவசம். அதன் பிறகே கையிருப்பு நேரம் குறையும். திருப்பி அழுத்தினால், தவறியவருக்கு இன்னொரு 12 விநாடி பரிசு!

செஸ்ஸின் பதில், தண்டனை. விதிமீறி நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல். பிளிட்ஸில் 1 நிமிடம். இரண்டாவது முறை, தோல்வி. ஆனால் தண்டனை இருக்கும் இடத்தில் அதைத் தேடிப் போகிறவர்களும் இருப்பார்கள். 2017 டிசம்பரில் ரியாத் உலக பிளிட்ஸ் போட்டி. தன் ராஜாவுக்கு இருந்த செக்கை விலக்காமலே மாக்னஸ் கார்ல்சனுக்குச் செக் வைத்தார் ரஷ்யாவின் எர்னெஸ்டோ இனார்கியேவ். கார்ல்சன் ராஜாவை நகர்த்தினார். உடனே கடிகாரத்தை நிறுத்திய இனார்கியேவ், கார்ல்சனின் நகர்த்தல்தான் விதிமீறல் என்று வெற்றி கோரினார். முதலில் வெற்றி அவருக்கே தரப்பட்டது. பிறகு தலைமை நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். இனார்கியேவ் மறுக்க, வெற்றி கார்ல்சனுக்குப் போனது. பட்டமும் கடைசியில் அவருக்கே.

ஆக, தண்டிப்பது வேறு, திருத்துவது வேறு. பேக்கேமனுக்குத் திருத்தமே போதும். தவறு கண்ணில் பட்டதும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். காய்களைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். எதிராளி இழந்த விநாடிகளைத் திருப்பித் தர வேண்டும். மறுபடி யோசிக்கும் நேரம் தவறியவர் கணக்கில், இலவச விநாடிகள் இல்லாமல். நேரம் தீர்ந்தால் ஆட்டமே கைவிட்டுப் போகும் போட்டிகளில், 12 விநாடி சின்ன விஷயமல்ல.