கரன்ட் பில்லை ஏற்றுவது கம்ப்யூட்டரா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு கரன்ட் பில் கூடினால், பழி கம்ப்யூட்டர் மேல்தான் விழும். புதிதாக வந்தது அதுதானே! உண்மையிலேயே அதுதான் காரணமா என்பதை அரை நாளில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு எக்ஸெல் போதும். அது இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் இருக்கிறது.

சிமென்ட் ஆலை, ஜவுளி ஆலை போன்ற இடங்களில் எனர்ஜி ஆடிட் என்று ஒன்று செய்வார்கள். 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி, பெருமளவில் மின்சாரமும் எரிபொருளும் செலவழிக்கும் ஆலைகளுக்கு இதைக் கட்டாயமாக்க முடியும். ஆடிட்டர் செய்யும் முக்கியமான வேலை ஒன்றுதான். எந்த மெஷின் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தனித்தனியாக மதிப்பிட்டு, எல்லாவற்றையும் கூட்டி, பில்லில் உள்ள யூனிட்டோடு ஒத்துப் பார்ப்பது. அதையே நாம் வீட்டுக்குச் செய்யப்போகிறோம்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட்ஸ் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் கருவியின் பெயர், எண்ணிக்கை, வாட்ஸ், ஒரு நாளில் ஓடும் மணி, யூனிட் என்று ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். அடுத்த வரியில் யூனிட் கட்டத்துக்குப் போய் = அடையாளம் போடுங்கள். எண்ணிக்கை உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து * தட்டுங்கள். அப்படியே வாட்ஸ் கட்டம், பிறகு * தட்டி மணி கட்டம். கடைசியில் *60/1000 என்று டைப் செய்து என்டர் தட்டினால் 60 நாளைக்கான யூனிட் வந்துவிடும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் பார்முலா போய்விடும். கூட்டுத்தொகைக்கு ஆட்டோசம் பட்டன் இருக்கிறது.

இதுவரை சுலபம். வாட்ஸ் காலத்தில் என்ன எண் போடுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வந்திருந்தது. சித்தப்பா கேபினட்டின் பின்னால் பார்த்தார். பவர் சப்ளை மேல் 450 வாட்ஸ் என்று இருந்தது. தினம் 4 மணி நேரம், 60 நாள். 108 யூனிட்! அன்றிலிருந்து கல்லூரியில் படிக்கும் என் தங்கைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் என்று உத்தரவு. அவள் புராஜெக்ட் பாதியில் நின்றது.

450 வாட்ஸ் என்பது அந்தப் பவர் சப்ளை அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைக் காட்டும் எண். 50 பேர் உட்காரும் பஸ்ஸில் எப்போதும் 50 பேர் இருப்பார்களா? கம்ப்யூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். டைப் செய்யும்போது ஒரு அளவு, வீடியோ எடிட் செய்யும்போது ஒரு அளவு.

உண்மையான அளவை உங்கள் வீட்டு மீட்டரே சொல்லும். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், 10 மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 11250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்ஸ். (வேறு எண் இருந்தால் 3,60,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதை 11250-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.) மீட்டரைத் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும்.

சித்தப்பா வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் சில நிமிடம் நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டோம். 10 மினுக்கலுக்கு 102 விநாடி. அதாவது மானிட்டர், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து 110 வாட்ஸ். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட்தான். கேம் விளையாடுவதற்காகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டவர்களுக்கு இது பல மடங்காகும். லேப்டாப் என்றால் இதில் பாதிகூட வராது.

மற்றவை: பேன் 4, ஒவ்வொன்றும் 75 வாட்ஸ், சராசரி 10 மணி, ஆக 180 யூனிட். வீட்டில் பெரிய ஆள் இதுதான்! பழைய சோக் வைத்த டியூப்லைட் 4, சோக்கோடு 50 வாட்ஸ், 5 மணி, ஆக 60. டிவி 24. தண்ணீர் மோட்டார் 18. மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் 15. நாள் முழுக்க எரியும் வைபை ரூட்டர் 10 வாட்ஸ்தான், ஆனால் 14 யூனிட். பிரிட்ஜின் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 250 யூனிட் என்று இருந்தது, 60 நாளுக்கு 41.

கூட்டினால் 378. பில் 480. 102 யூனிட்டைக் காணோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டருக்குச் சித்தப்பாவின் 108-ஐப் போட்டிருந்தால் மொத்தம் 460 வந்திருக்கும். பில்லுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று திருப்தியாக விட்டிருப்போம். கூட்டல் சரியாக வருவதால் மட்டும் ஒவ்வொரு வரியும் சரி என்று ஆகிவிடாது. அதிகம் சாப்பிடும் என்று தோன்றும் கருவியையாவது அளந்துவிட வேண்டும்.

மீதியைத் தேட இரவுதான் நல்ல நேரம். எல்லாம் அணைத்து, பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தோம். 10 மினுக்கலுக்கு 112 விநாடி, அதாவது 100 வாட்ஸ். அதில் தவறில்லை. ஆனால் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. கதவின் ரப்பர் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் தாராளமாக வெளியே வந்தது. நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 60 நாளில் 120 யூனிட். லேபிள் சொன்னது 41. லேபிள் எண், பிரிட்ஜ் புதிதாக இருக்கும்போது சோதனைக் கூடத்தில் எடுத்தது.

120-ஐப் போட்டதும் மொத்தம் 457 ஆனது. இன்னும் 23 யூனிட் இடிக்கிறது. பேன் ஓடும் நேரம் நம் உத்தேசம்தானே, அதில் இவ்வளவு முன்பின் இருக்கும். 5 சதவீத இடைவெளி வீட்டுக் கணக்குக்குப் போதும். மெக்கானிக் வந்து ரப்பரை மாற்றினார். தங்கையின் ஒரு மணி நேர உத்தரவும் ரத்தானது.

கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது, மானிட்டர் எரிந்துகொண்டேதான் இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், 5 நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணையும்படியும் 20 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படியும் அமையுங்கள். டவுன்லோடு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள். ஷட்டவுன் செய்த பிறகு யு.பி.எஸ். சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். ஆனால் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காதீர்கள், பேட்டரி கெடும்.

பைலுக்கு மாதத்தின் பெயரை வைத்து சேவ் செய்யுங்கள். கோடையில் பேன், ஏ.சி. ஓடும் மணியை மட்டும் மாற்றினால் அடுத்த பில் சுமாராக எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.