உங்களுக்குத் தெரியுமா? சத்தம் கேட்கும், சொல் கேட்காது

காது மந்தமான தாத்தாவிடம் எல்லோரும் கத்துகிறோம். அவருக்குச் சத்தம் ஓரளவு கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. உட்காதின் நத்தைச் சுருளில் பிறவியிலேயே சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உண்டு. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. மூப்பில் கீச்சொலியை வாங்குபவைதாம் முதலில் போகும். க, ச, த, ப மங்கி, 'பத்து' என்றால் 'கத்து' என்று விழும். புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட் இரைச்சலில் கேட்கவே வேண்டாம்!

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா, அல்ஜீரியா வரை போய், இங்கே திரும்பி பென்ஷனில் வாழ்ந்த 'சொல்தா'க்கள் (சிப்பாய்கள்) பலர். துப்பாக்கிச் சத்தம் சிதைப்பதும் பெரும்பாலும் அதே கீச்சொலிச் செல்களைத்தான்; மிச்சத்தை வயது பார்த்துக்கொள்ளும்.

60 தாண்டியவர்களில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்புக் குறை உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலருக்குக் காரணம் வெறும் குறும்பி. டாக்டர் எடுத்துவிட்டால் தீர்ந்தது. மற்றவர்களுக்கு 'ஆடியோகிராம்' எந்த ஒலி போயிற்று என்று காட்டிவிடும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஏழை முதியோருக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின் இலவசம். மாட்டிய அன்றே எல்லாம் தெளியாது. பழகச் சில வாரங்களாகும்.