இசக்கி என்றொரு திருநாமம்

குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் சூட்டுவது நாஞ்சில் நாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். குழந்தையை மடியில் கிடத்தி, அதன் செவியருகே குனிந்து, பெயரை மும்முறை ஓதுவார்கள். பாட்டியின் பெயரை ஏற்பவள் பெயர்த்தி. அச்சொல்லே மருவிப் பேர்த்தியாயிற்று. தம் பெயர் இன்னொரு தலைமுறைக்குச் செல்வதைத் தம் செவியாலேயே கேட்கும் பேறு, அந்நாளில் பாட்டிமார்க்கு வாய்த்தது.

ஆனால், பாட்டியின் பெயர் இசக்கியம்மாள் என்று இருந்துவிட்டால், இன்று அந்த மங்கல நாளில் ஒரு தயக்கம் புகுந்துவிடுகிறது. ‘பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்’ என்கிறார் தாய். ‘உக்கிரமான தெய்வத்தின் பெயராயிற்றே’ என்கிறார் தந்தை. பெரியவர்கள் மறுமொழி கூறாமல் புன்னகை செய்து அமைந்துவிடுகிறார்கள். அந்த அமைதிக்குள் எத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இசக்கியம்மாள், இசக்கித்தாய் என்று பெண்களுக்கும், இசக்கிமுத்து, இசக்கியப்பன் என்று ஆண்களுக்கும் வழங்கும் இப்பெயர், குமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களுக்கே உரியது எனலாம். அவற்றைக் கடந்து வடக்கே சென்றால், பெயரைக் கேட்டவர் ‘என்ன பெயர்?’ என்று மறுமுறையும் கேட்பார். இன்று அதன் சொந்த மண்ணிலேயே முதியோர் பெயராக அது ஒதுங்கி வருகிறது.

இயக்கி இசக்கியான வழி

வடமொழியில் ‘யக்ஷி’, பிராகிருதத்தில் ‘யக்கி’. அதுவே தமிழில் ‘இயக்கி’ ஆயிற்று. யகரத்தை மொழி முதலில் இயல்பாக ஒலிக்க, அதன் முன்னே ஓர் இகரம் சேர்ந்தது. இயக்கி எப்படி இசக்கி ஆனாள்? நம் வீட்டுப் பேச்சே அதற்குச் சான்று. உயிரை ‘உசிரு’ என்கிறோம். உயரத்தை ‘உசரம்’ என்கிறோம். முயல் ‘முசல்’ ஆகிறது. வாயில் ‘வாசல்’ ஆயிற்று. அவ்வாறே யகரம் சகரமாகத் திரிய, இயக்கி இசக்கியாகி நம் ஊர்களில் குடியமர்ந்தாள்.

ஆகவே, இது பொருளற்ற நாட்டுப்புறப் பெயர் என்று எண்ணுவது பிழை. இயக்கரும் இயக்கியரும் நம் நாட்டின் மிகப் பழைய தெய்வ இனத்தார். செல்வத்திற்கு அதிபதியான குபேரனே இயக்கர்களின் தலைவன். நீரையும் மரத்தையும் நிதியையும் காப்பவர்களாக அவர்களை நம் முன்னோர் போற்றினர்.

மாதரி இட்ட பால்மடை

தமிழ் இலக்கியத்தில் இயக்கியை ஓர் அழகிய வேளையில் சந்திக்கிறோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரையின் புறஞ்சேரியில் தங்கியிருக்கிறார்கள். ஆயர்குலத்து மூதாட்டி மாதரி, ஊர்ப்புறத்தே உறையும் இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டு, அவ்வழியே திரும்புகிறாள். கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகிறாள். அவளுடைய நல்லியல்பை உணர்ந்த அடிகள், கண்ணகியை அவளிடமே அடைக்கலமாக ஒப்புவிக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அன்று இயக்கிக்குப் படைக்கப்பட்டது குருதிப் பலி அன்று, பால்சோறு. மற்றொன்று, திக்கற்று நின்ற கண்ணகிக்கு ஒரு கூரை கிடைத்ததே இயக்கியை வணங்கித் திரும்பிய ஒரு மூதாட்டியின் கையால்தான். உக்கிரம் என்று இன்று நாம் அஞ்சும் பெயர், இலக்கியத்தில் அடைக்கலத்தின் வாயிலில் நிற்கிறது.

மலைமேல் ஒரு படாரியார்

மதுரையில் கண்ட இயக்கி வழிபாட்டின் தடத்தைக் குமரி மாவட்டத்திலும் காணலாம். மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். சமண முனிவர்கள் தவம் செய்த மலை அது. பாறைச் சுவரில் தீர்த்தங்கரர் திருவுருவங்களோடு, அம்பிகை, பத்மாவதி என்னும் இயக்கியர் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி உருவங்களை இன்றும் காணலாம்.

ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று சிதறால் மலையில் உள்ளது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் பெண் துறவி, இம்மலைப் படாரியாருக்குப் பொன்னணி அளித்த செய்தியை அது கூறுகிறது. ‘குணந்தாங்கி’! எத்தகைய பெயர்! அந்தப் பெயரை இன்று எவரும் சூட்டுவதில்லை. கல்லில் பொறித்ததால் மட்டும் ஒரு பெயர் வாழ்ந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று. பிற்காலத்தில் மலைமேல் இருந்த கோயில் பகவதி கோயிலாயிற்று. அன்று படாரியாருக்குப் பொன் கொணர்ந்த அதே மலைக்கு, பின்னாளில் பகவதியை நாடி மக்கள் ஏறினர்.

அம்பிகை என்னும் இயக்கியின் கதையும் நம் சிந்தைக்குரியது. சமண முனிவருக்கு அன்னமிட்டதற்காகக் கணவனின் சினத்துக்கு ஆளாகி, இரு குழந்தைகளுடன் வீட்டை விட்டு வெளியேறி, உயிர் நீத்துத் தெய்வமானவள் அவள். அவளைச் சமணர் தருமதேவி என்றும் போற்றுவர். இரு மைந்தரும் சிங்கமும் உடனிருக்க அவளைச் செதுக்குவது மரபு. நம் ஊர் இசக்கியும் கையில் குழந்தையுடனேயே காட்சி தருகிறாள்.

முப்பந்தலில் சினம் தணிந்தவள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி இருக்கிறது முப்பந்தல். சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஔவையார் முன்னிலையில் கூடுவதற்காக மூன்று பந்தல்கள் இட்ட இடம் என்பது செவிவழிச் செய்தி. இன்று சுற்றிலும் காற்றாலைகள் சுழல, நடுவே சாலையோரத்தில் இசக்கியம்மன் வீற்றிருக்கிறாள். அவ்வழியே செல்லும் வாகன ஓட்டிகள் நின்று வணங்கிய பின்னரே கணவாயைக் கடப்பார்கள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் ஆடி மாதத்திலும் அடியவர் கூட்டம் பெருகும்.

கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் பாடும் நீலி கதையை வாசகர்கள் இளமையில் கேட்டிருப்பீர்கள். வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி, மறுபிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று ஊரார் முன் வழக்குரைக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் தம் உயிரையே பிணையாக வைத்து, அவனை அவளுடன் அனுப்புகிறார்கள். விடிந்தபோது அவன் உயிருடன் இல்லை. சொன்ன சொல் காக்கப் பெரியவர்கள் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். இது திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகத் தொண்டைநாட்டார் கூறுவர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு உண்டு. அந்தப் பழையனூர் நீலியே அறவுரை கேட்டுக் கொலை நீத்து, சமயவாதம் புரியும் அறிவுடையாளாக மாறியதைப் பாடுவது ‘நீலகேசி’ என்னும் சமணக் காப்பியம்.

நாஞ்சில் நாட்டினர் அக்கதையைத் தம் மண்ணிலேயே நிகழ்ந்ததாகப் பாடி, முப்பந்தலில் நிறைவு செய்கின்றனர். இங்கே அவள் சினம் தணிந்து தாயாகிறாள். தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகச் சினந்தவளை, ‘அம்மாள்’ என்று ஈறு சேர்த்து அழைத்து, தங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அப்பெயரையே சூட்டினார்கள் நம் முன்னோர். அதே யக்ஷி என்னும் சொல், மலைக்கு மேற்கே மலையாள நாட்டுக் கதைகளில் பெரும்பாலும் அச்சுறுத்தும் சொல்லாகவே நின்றது. கிழக்கே அது தொட்டிலில் கிடந்து சிரித்தது.

நேர்ச்சைப் பெயர்

அப்பெயர் எப்போது சூட்டப்பட்டது? பிள்ளைப்பேறு வேண்டி முப்பந்தலிலோ தம் ஊர் இசக்கி கோயிலிலோ நேர்ந்துகொள்வார்கள். பிறந்ததும் அம்மனுக்குத் தொட்டில் கட்டுவார்கள். மண்ணால் செய்த பிள்ளை உருவத்தைக் காணிக்கையாக வைப்பார்கள். குழந்தைக்கு அவள் பெயரையே இடுவார்கள்.

பிறந்த குழந்தைகளுள் பல நிலைக்காமல் போன காலம் அது. மருத்துவமனை நெடுந்தொலைவில் இருந்தது. தப்பிப் பிழைத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டு, காலன் கண்ணில் படாமல் காக்க முனைந்த தாய்மார் தமிழகமெங்கும் இருந்தனர். இசக்கி என்று பெயரிட்டவர்கள் வேறொரு வழியைக் கண்டனர். ‘இவள் உன் பிள்ளை, நீயே காப்பாற்று’ என்று அவள் கையிலேயே ஒப்படைத்தனர். ஆகவே, இசக்கியம்மாள் என்னும் பெயர், ஒரு தாயின் கண்ணீருக்கு அம்மன் அளித்த விடை. நம் பாட்டிமார் அதை வாழ்நாள் முழுதும் தம்மீது சுமந்தார்கள்.

பெயர் மங்கிய காலம்

பின்னர்க் காலம் மாறியது. மருத்துவம் வளர்ந்தது, குழந்தைகள் பிழைத்தனர், நேர்ச்சைகள் குறைந்தன. இது மகிழ்ச்சிக்குரியதே. பிள்ளைகளைக் காத்த அவளே, தன் பெயர் அருகியதற்காக வருந்தமாட்டாள்.

ஆனால், வேறு காரணங்களும் சேர்ந்தன. கதைகளும் திரைப்படங்களும் புதிய பெயர்களைக் கொணர்ந்தன. கலாக்களும் லதாக்களும் ராணிகளும் வீடுகளில் நிறைந்தனர். ஊர்த்தெய்வத்தின் பெயர் படிப்பறிவற்றோர் பெயர் என்னும் ஒரு தவறான எண்ணம் மெல்லப் பரவியது. வேலை தேடி வெளியூர் சென்றவர்கள், ஒவ்வோர் அலுவலகத்திலும் தம் பெயருக்கு விளக்கம் கூறிச் சலித்தனர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘ஈ’ என்னும் எழுத்திலும் மற்றொருவர் ‘ஐ’ என்னும் எழுத்திலும் தொடங்க, சான்றிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின.

இன்று பல இல்லங்களில் இசக்கி ஒரு தலைப்பெழுத்தாக மட்டும் நிற்கிறாள். தந்தை இசக்கிமுத்து, மகளின் பெயருக்கு முன்னே ‘இ.’ என்றொரு புள்ளியிட்ட எழுத்து. அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு தெய்வம் ஒடுங்கியிருப்பதை மகள் அறிந்திருப்பாளா?

வேறு வாசல் வழியே

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். இசக்கி வேண்டாம் என்ற இளம் பெற்றோர் பலர் இந்நாளில் விரும்பித் தேர்ந்தெடுக்கும் புதுப் பெயர்களுள் யக்ஷிதா, யக்ஷினி ஆகியவையும் இருக்கின்றன. ஒலி நயத்துக்காகவும், எண் கணிதத்துக்காகவும், ‘யாருக்கும் இல்லாத பெயர்’ என்பதற்காகவும் அவற்றை வைக்கிறார்கள். அவற்றின் வேரைத் தோண்டினால் வருபவள் யார்? அதே யக்ஷி, அதே இயக்கி, அதே இசக்கி. முன்வாசலில் மறுக்கப்பட்டவள், வேறு வாசல் வழியே வீட்டுக்குள் வந்து, தொட்டிலில் படுத்துவிட்டாள்!

இதைக் கண்டு நகைப்பதைவிட, நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பெயர் சூட்டும் உரிமை பெற்றோருடையது. அதில் பிணங்குவதால் நன்மை இல்லை. ஆனால், காதில் ஓதும் உரிமை இன்னும் பெரியவர்களிடமே இருக்கிறது. பதிவேட்டில் ஏறும் பெயர் எதுவாயினும் ஆகுக. அரைஞாண் கட்டும் நாளில் அந்தச் சிறு செவியில் குலதெய்வத்தின் பெயரையும் ஒருமுறை ஓதுங்கள். சாதகக் குறிப்பில் அதையும் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு யக்ஷிதா இருந்தால், அவளுக்கு விவரம் தெரியும் வயதில் முப்பந்தலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளுடைய பூட்டி எதற்காக அங்கே நேர்ந்துகொண்டாள், எந்தப் பிள்ளைக்காகத் தொட்டில் கட்டினாள் என்பதை, நினைவுள்ளவரை நீங்களே உங்கள் வாயால் கூறுங்கள். அதை அறிந்தவர்கள் இன்று நீங்கள் மட்டுமே. கூறி முடித்ததும், ‘உன் பெயரும் இவள் பெயரும் ஒன்றுதான்’ என்று சன்னிதியைக் காட்டுங்கள். அதன் பின் அந்தக் குழந்தை அம்மனை நோக்கும் நோக்கே வேறாக இருக்கும்.