மாத்திரைக்குள் ஒரு மாசு: துப்புத் துலக்கும் இளம் ஆய்வாளர்கள்

2018 ஜூலை. ரத்த அழுத்தத்துக்காக உலகெங்கும் லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கும் வல்சார்ட்டன் மாத்திரைகள் சிலவற்றில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரியவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த மாத்திரைகள் அடுத்தடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. என்.டி.எம்.ஏ. எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் என்பதை பிரிட்டன் விஞ்ஞானிகள் மாகீ, பார்ன்ஸ் இருவரும் 1956-லேயே காட்டியிருந்தார்கள்.

யாரும் வேண்டுமென்று கலக்கவில்லை. மூலப்பொருள் தயாரித்த சீனாவின் செஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் பயன்பட்ட டி.எம்.எஃப். என்ற கரைப்பானிலிருந்து கொஞ்சம் டைமெத்தில் அமீன் உருவானது. மிச்சமிருக்கும் அசைடு என்ற வேதிப்பொருளை அழிக்கச் சேர்த்த சோடியம் நைட்ரைட்டோடு அது வினைபுரிய, என்.டி.எம்.ஏ. பிறந்தது. வழக்கமான தரச் சோதனைகள் இந்த மாசைத் தேடவே இல்லை. அதனால் அது கண்ணில் படவும் இல்லை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு, நாளொன்றுக்கு 96 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. 70 ஆண்டுகள் தினமும் இந்த அளவு உடலில் சேர்ந்தாலும் ஒரு லட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்குத்தான் புற்றுநோய் வரக்கூடும் என்பது கணக்கு. திரும்பப் பெற்ற மாத்திரைகளிலோ 17 மைக்ரோகிராம் வரைகூட இருந்தது. வரம்பைப்போல 170 மடங்குக்கும் மேல்!

இப்படியொரு வரம்பை நிர்ணயிப்பதற்கான அறிவியலைத்தான், பிஎச்.டி. முடித்த இளம் ஆய்வாளர்கள் மருந்து மாசு நச்சியல் பயிற்சியில் கற்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் ஜெஃபர்சனில் இருக்கும் தேசிய நச்சியல் ஆராய்ச்சி மையம் அதற்கு முக்கியமான களம். உயிரியல் ஆயுதங்கள் தயாரித்த இடத்தை 1971-ல் எஃப்.டி.ஏ.யின் ஆய்வகமாக மாற்றினார்கள். 'ஓரைஸ்' என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் வழியாக வரும் ஆய்வாளர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஆனால், அவர்கள் எஃப்.டி.ஏ. ஊழியர்கள் அல்லர்.

அவர்கள் கை பழக வேண்டிய சோதனைகளில் முதன்மையானது, 1970-களில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய ஏம்ஸ் சோதனை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் அநேகமாக இல்லாத தட்டில் பரப்புவார்கள். சந்தேகப்படும் பொருள் மரபணுவை மாற்றினால், சில பாக்டீரியாக்கள் இழந்த திறனை மீட்டுக்கொண்டு பெருகும். 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு, மூன்று நாள் வைத்து எடுத்தால் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும்.

இங்கேதான் வளர்சிதை மாற்றம் உள்ளே வருகிறது. என்.டி.எம்.ஏ. தானாக டி.என்.ஏ.வைத் தாக்காது. நச்சைப் போக்க வேண்டிய கல்லீரல்தான், சி.ஒய்.பி. 2இ1 என்ற என்சைமால் அதை டி.என்.ஏ.வைத் தாக்கும் பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே, தட்டில் கல்லீரல் சாறும் சேர்க்க வேண்டும். எலியின் கல்லீரல் சாற்றைவிட வெள்ளெலியின் (ஹாம்ஸ்டர்) சாறு, என்.டி.எம்.ஏ. போன்ற நைட்ரோசமைன்களைக் கூர்மையாகக் காட்டிக்கொடுக்கிறது. எந்தச் சாறு, எத்தனை சதவிகிதம், எத்தனை நிமிடம் என்பதில் பிசகினால், ஆபத்தான மாசுகூட 'பாதுகாப்பானது' என்று சான்று வாங்கிவிடும். இந்த நுணுக்கங்கள், அனுபவசாலிகளின் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் வேலை செய்தால்தான் பிடிபடும்.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ரானிடிடின், வயிற்றுக்குள் போய் என்.டி.எம்.ஏ.வாக மாறுகிறது என்ற அச்சம் 2019-ல் கிளம்பியது. எஃப்.டி.ஏ. 18 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மருந்தையும் போலி மருந்தையும் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தது. ரானிடிடினால் என்.டி.எம்.ஏ. குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2021-ல் முடிவு வெளியானது. ஆனால், கிடங்கில் இருக்கும்போதே, அதுவும் வெப்பம் ஏற ஏற, அந்த மருந்தில் மாசு பெருகும் என்பது அதற்கு முன்பே உறுதியாகி, 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையை விட்டே அது வெளியேறியிருந்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் 2022-ல் அதைக் கைவிட்டது.

இப்போது சிக்கல் இன்னும் நுட்பமாகிவிட்டது. சில மருந்துகளில் மருந்து மூலக்கூறோ அதன் ஒரு துண்டோ நைட்ரோசமைனாகிவிடுகிறது. நீரிழிவுக்கான சிட்டாகிளிப்டினில் 2022-ல் அப்படி ஒரு மாசு சிக்கியபோது, பாதுகாப்பு வரம்பு 37 நானோகிராம். அதை அப்படியே அமல்படுத்தினால் மருந்துத் தட்டுப்பாடு வரும் என்பதால், 246.7 நானோகிராம் வரை எஃப்.டி.ஏ. தற்காலிகமாக அனுமதித்தது. மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும். தொடர்ந்தால் மாசு சேரும். நோயாளியை இந்த இக்கட்டில் தள்ளாதிருக்க நம்பகமான தரவு உடனே தேவை.

இத்தகைய மாசுகள் பலவற்றுக்கு விலங்குச் சோதனை விவரமே கிடையாது. அதனால், மூலக்கூறின் அமைப்பை வைத்து ஐந்து வகையாகப் பிரித்து வரம்பு சொல்லும் முறையை 2023 ஆகஸ்ட்டில் எஃப்.டி.ஏ. வெளியிட்டது. அந்த ஊகம் சரிதானா என்பதை ஒவ்வொரு மாசாக எடுத்து, மனித கல்லீரல் செல்களிலும் பாக்டீரியாத் தட்டுகளிலும் சரிபார்க்கும் வேலை இப்போது இந்த இளம் ஆய்வாளர்களின் மேஜைக்கும் வந்திருக்கிறது.